‘முதல்’, ‘இன்னும்’, ‘சிலவேளை’: ஆங்கிலத்தில் காலச் சொற்களைச் சரியாகப் போடுவது எப்படி

“மூன்று வருடத்துக்கு முதல் மாமா கனடாவுக்குப் போனார்.” இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், என் பின்னேர வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் ‘பிஃபோர் த்ரீ இயர்ஸ் மை அங்கிள் வென்ற் ரு கனடா’ என்று எழுதுகிறார்கள். முதல் என்றால் பிஃபோர், மூன்று வருடம் என்றால் த்ரீ இயர்ஸ். அகராதியைப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் ஆங்கிலத்தில் அதை இப்படித்தான் சொல்வார்கள்: ‘மை அங்கிள் வென்ற் ரு கனடா த்ரீ இயர்ஸ் அகோ.’

இருபது வருடமாக இந்த ஒரு பிழையைத் திருத்தி வருகிறேன். சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு ‘அகோ’ என்று மேலே எழுதிக் கொடுப்பதால் பயன் இல்லை என்பதை மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன். பிள்ளை தமிழில் யோசிக்கிறது. தமிழில் ஒரே சொல் செய்கிற வேலையை ஆங்கிலம் நாலு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவு எங்கே நடக்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்தால் பிழை தானாகவே குறைகிறது. இந்த வழிகாட்டியை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கும், வேலைக்கும் விசாவுக்கும் ஆங்கிலக் கடிதம் எழுதுகிற பெரியவர்களுக்கும் இது உதவும்.

ஆங்கிலச் சொற்களை, ரொறன்ரோ, ரிக்கெற் என்று நாங்கள் எழுதுகிற முறையிலேயே இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு உதாரணத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். கண் மட்டும் படித்தால் கை பழகாது.

படி 1: சொல் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பாருங்கள்

கால வினையடைகள் மூன்று கேள்விகளுக்கு விடை தருகின்றன. எப்போது? நேற்று, இப்போது, பிறகு. எவ்வளவு காலம்? இரண்டு நாளாக, காலையிலிருந்து. எத்தனை தரம்? அடிக்கடி, எப்போதும், ஒருபோதும் இல்லை. எழுதுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும். சொல்லின் இடமும் வினைச்சொல்லின் உருவமும் அதற்கேற்ப மாறும்.

படி 2: சொல்லை எங்கே வைப்பது

தமிழில் காலச் சொல்லுக்கு நிலையான கதிரை கிடையாது. “நேற்று நான் பேப்பர் வாசித்தேன்”, “நான் நேற்றுப் பேப்பர் வாசித்தேன்”, “நான் பேப்பர் வாசித்தேன் நேற்று”, மூன்றும் சரிதான். ஆங்கிலத்தில் ‘யெஸ்ரடே’க்கு வசனத்தின் தொடக்கமும் முடிவும்தான் இடம். ‘ஐ றெட் யெஸ்ரடே த நியூஸ்பேப்பர்’ என்று வினைக்கும் அது தாங்கும் பொருளுக்கும் நடுவில் போட்டால் பிழை. ‘ஐ றெட் த நியூஸ்பேப்பர் யெஸ்ரடே’ என்பதே வழமை. “வேறு நாள் இல்லை, நேற்றுத்தான்” என்று அழுத்த வேண்டுமானால் முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

எத்தனை தரம் என்று சொல்லும் சொற்களுக்கு வேறு இடம். ஓல்வேய்ஸ், யூஸுவலி, ஒஃபன், நெவர் ஆகியவை முதன்மை வினைக்கு முன்னால் வரும்: ‘ஷீ ஓல்வேய்ஸ் கம்ஸ் லேற்.’ ஆனால் இஸ், ஆம், ஆர், வொஸ் இருந்தால் அவற்றுக்குப் பின்னால்: ‘ஷீ இஸ் ஓல்வேய்ஸ் லேற்.’ ஹாவ், வில், கான் போன்ற துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: ‘ஷீ ஹாஸ் ஓல்வேய்ஸ் லிவ்ட் இன் கோப்பாய்.’ இந்த மூன்று வசனங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விதியை மறந்தாலும் வசனத்தின் ஓசை காதில் நிற்கும்.

ஒரே வசனத்தில் இரண்டு மூன்று காலச் சொற்கள் வந்தால் இன்னொரு சிக்கல். தமிழில் பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்குவோம்: “ஏப்ரல் 14ஆம் திகதி காலை ஆறு மணிக்கு.” ஆங்கிலம் சின்னதிலிருந்து பெரியதுக்கு ஏறும்: ‘அற் சிக்ஸ் இன் த மோர்ணிங் ஒன் ஏப்ரல் 14.’ அதேபோல எவ்வளவு காலம் என்பது முதலில், எத்தனை தரம் என்பது அடுத்து. நல்லூர்த் திருவிழாவைச் சொல்லிப் பாருங்கள். வருடா வருடம் 25 நாள். ஆங்கிலத்தில் ‘ஃபோர் 25 டேய்ஸ் எவ்ரி இயர்.’ தமிழில் வருடம் முந்துகிறது, ஆங்கிலத்தில் நாள் முந்துகிறது.

படி 3: ‘க்கு’வைக் கழற்றுங்கள்

ஐந்து மணிக்கு, நாளைக்கு, வாற கிழமைக்கு, பொங்கலுக்கு. எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ‘க்கு’. ஆங்கிலத்தில் மணிக்கு ‘அற்’, நாளுக்கும் திகதிக்கும் ‘ஒன்’, மாதத்துக்கும் வருடத்துக்கும் ‘இன்’. காலை, பின்னேரம் என்றால் ‘இன் த’, இரவு மட்டும் ‘அற் நைற்’. குறிப்பிட்ட ஒரு நாளின் காலை என்றால் அந்த ‘இன்’ ‘ஒன்’ ஆகிவிடும். தேர்த்திருவிழா நடந்த அன்று காலை என்பதை ‘ஒன் த மோர்ணிங் ஒஃப் த தேர் ஃபெஸ்ரிவல்’ என்று சொல்ல வேண்டும்.

யெஸ்ரடே, ருடே, ருமோறோ ஆகியவற்றுக்கு முன்னால் இவை எதுவும் வராது. லாஸ்ற், நெக்ஸ்ற், திஸ், எவ்ரி என்று தொடங்கும் தொடர்களுக்கும் அப்படியே. ‘ஒன் லாஸ்ற் ஃப்ரைடே’, ‘இன் நெக்ஸ்ற் வீக்’ இரண்டும் பிழை. ‘லாஸ்ற் ஃப்ரைடே’, ‘நெக்ஸ்ற் வீக்’ போதும்.

‘இன்று இரவு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ருடே நைற்’ என்கிறோம். அதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல்லே இருக்கிறது, ‘ருநைற்’. இன்று காலை ‘திஸ் மோர்ணிங்’, இன்று பின்னேரம் ‘திஸ் ஆஃப்ரர்நூன்’ அல்லது ‘திஸ் ஈவினிங்’. நேற்றிரவு ‘லாஸ்ற் நைற்’. ஆனால் நேற்றுக் காலை ‘யெஸ்ரடே மோர்ணிங்’ என்றும் நாளை இரவு ‘ருமோறோ நைற்’ என்றும் எங்கள் வழியிலேயே வருகின்றன. ஆக இன்றையும் நேற்றிரவையும் மட்டும் தனியாக மனதில் வைத்தால் போதும்.

பின்னேரத்தைப் பற்றி ஒரு சொல். எங்களுக்கு மூன்று மணியும் பின்னேரம், ஆறு மணியும் பின்னேரம். ஆங்கிலத்தில் மூன்று மணி ஆஃப்ரர்நூன், ஆறு மணி ஈவினிங். மூன்று மணிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரைச் சந்தித்து ‘குட் ஈவினிங்’ சொன்னால் அவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

‘வாற வெள்ளி’யும் கவனமாகக் கையாள வேண்டியது. ‘நெக்ஸ்ற் ஃப்ரைடே’ என்றால் வரப்போகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதில் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடமே ஒற்றுமை இல்லை. முக்கியமான சந்திப்பு என்றால் திகதியையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

படி 4: காலச் சொல் வினையைத் தெரிவுசெய்யும்

இந்தப் படியில்தான் மெதுவாகப் போகச் சொல்வேன். சொல்லப்படும் காலம் முடிந்துவிட்டதா, இன்னும் இந்த நிமிடம் வரை நீள்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

நேற்று, போன கிழமை, 1841இல், மூன்று வருடத்துக்கு முதல், இவை எல்லாம் முடிந்த காலம். இவற்றோடு சாதாரண இறந்தகால வினைதான் வரும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து ‘உதயதாரகை’ என்ற பத்திரிகை 1841இல் தொடங்கியது: ‘உதயதாரகை பிகான் இன் 1841.’ இங்கே ‘ஹாஸ் பிகன்’ போடக்கூடாது. ‘ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்ரடே’ என்பதும் அதே காரணத்தால் பிழை.

நீண்டுகொண்டிருக்கும் காலத்துக்கு ‘ஹாவ்’ வேண்டும். தமிழ் எங்களை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். “நான் பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன்” என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதனால் ‘ஐ ஆம் ரீச்சிங் சின்ஸ் ரென் இயர்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். இதில் இரண்டு பிழைகள். வினை ‘ஹாவ் பீன் ரீச்சிங்’ ஆக வேண்டும். அடுத்தது, ‘சின்ஸ்’ இருக்கிற இடத்தில் ‘ஃபோர்’ வேண்டும். ‘ஐ ஹாவ் பீன் ரீச்சிங் ஃபோர் ரென் இயர்ஸ்.’

ஃபோர், சின்ஸ் இரண்டையும் பிரிக்கத் தமிழே வழிகாட்டும். ‘ஆக’ என்று முடிந்தால் ஃபோர்: பத்து வருடமாக, இரண்டு நாளாக. ‘இலிருந்து’ என்று முடிந்தால் சின்ஸ்: 1974இலிருந்து, காலையிலிருந்து. எண்ணக்கூடிய நீளத்துக்கு ஃபோர், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் 1974இலிருந்து இருக்கிறது: ‘தெயர் ஹாஸ் பீன் அ யூனிவேர்சிற்றி காம்பஸ் இன் திருநெல்வேலி சின்ஸ் 1974.’ இந்த இடத்தில் ‘ஃப்ரொம் 1974’ என்று எழுதிவிடாதீர்கள். தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துச் சொன்னால்தான் ‘ஃப்ரொம்’ இயல்பாக இருக்கும்.

சரி, ஃபோர் வந்தால் எப்போதும் ஹாவ் வருமா? இல்லை. வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது. அது 32 வருடம் நடந்தது என்றால் அந்தக் காலம் மூடிய காலம். ‘இற் றான் ஃபோர் 32 இயர்ஸ்’, சாதாரண இறந்தகாலம்.

இந்த வேறுபாடு புள்ளிக்காக மட்டும் படிக்க வேண்டியது என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் விசா விண்ணப்பத்தோடு வைத்த கடிதத்தில், தான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி ‘ஐ வேர்க்ட் ஹியர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என்று எழுதியிருந்தார். அவர் சொல்ல நினைத்தது, ஆறு வருடமாக வேலை செய்கிறேன் என்று. ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம், ஆறு வருடம் வேலை செய்தேன், இப்போது இல்லை. எப்போது வேலையை விட்டீர்கள், இப்போது வருமானம் என்ன என்று கேட்டுப் பதில் வந்தது. விளக்கக் கடிதம் எழுதி, அலுவலகத்தில் உறுதிக் கடிதம் வாங்கி அனுப்பும்வரை அவருக்கு நித்திரை இல்லை. ‘ஹாவ் வேர்க்ட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

‘இப்பதான்’ என்பதற்கு ‘ஜஸ்ற்’. இலங்கைப் பாடசாலைகளில் படிப்பிப்பது பிரித்தானிய ஆங்கிலம் என்பதால் ‘ஹீ ஹாஸ் ஜஸ்ற் கம்’ என்று ஹாவோடு எழுதுங்கள். அமெரிக்கர்கள் ‘ஹீ ஜஸ்ற் கேம்’ என்பார்கள், அதுவும் அவர்களுக்குச் சரி. ‘இப்பவே’, ‘இன்றைக்கே’ என்பவற்றை ‘நவ் இற்செல்ஃப்’, ‘ருடே இற்செல்ஃப்’ என்று சொல்வது எங்கள் நாட்டிலும் இந்தியாவிலும் பரவலாக இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் விளங்கும். ஆனால் எங்கள் ‘ஏ’ என்ற அழுத்தத்தை ஆங்கிலத்தில் ஒட்டவைத்ததுதான் அது. பரீட்சையிலும் வெளிநாட்டுக் கடிதத்திலும் இப்பவே என்பதற்கு ‘றைற் நவ்’, இன்றைக்கே என்பதற்கு வெறும் ‘ருடே’ எழுதுங்கள்.

படி 5: பிரிந்துபோகும் சொற்களைப் பழகுங்கள்

‘முதல்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன், இந்த வழிகாட்டிக்கே காரணம் அதுதான். “மூன்று வருடத்துக்கு முதல்” என்று இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘அகோ’. அது எண்ணுக்குப் பின்னால் வரும், ‘த்ரீ இயர்ஸ் அகோ’. “மழைக்கு முதல் வீட்டுக்குப் போ” என்று இன்னொரு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் ‘பிஃபோர்’, அது முன்னால் வரும், ‘பிஃபோர் த றெயின்’. “நான் முதலே சொல்லிவிட்டேன்” என்றால் ‘ஓல்றெடி’. “முதல் நாங்கள் பண்டத்தரிப்பில் இருந்தோம்” என்றால் ‘யூஸ்ட் ரு’: ‘வீ யூஸ்ட் ரு லிவ் இன் பண்டத்தரிப்பு.’ எழுதும்போது முதல் என்று மனதில் வந்தவுடன் ஒரு நொடி நின்று, எதிலிருந்து எண்ணுகிறேன் என்று கேளுங்கள். இன்றிலிருந்து என்றால் அகோ. கடைசியாகச் சொன்ன இரண்டும் எண்ணிக்கை கேட்காதவை என்பதால் அவற்றில் குழப்பம் குறைவு.

அடுத்தது ‘இன்னும்’. “தம்பி இன்னும் படிக்கிறான்” என்றால் ஒரு வேலை தொடர்கிறது, ‘ஸ்ரில்’: ‘ஹீ இஸ் ஸ்ரில் ஸ்ரடியிங்.’ “தம்பி இன்னும் வரவில்லை” என்றால் எதிர்பார்த்தது நடக்கவில்லை, ‘யெற்’, அது வசனத்தின் முடிவில்: ‘ஹீ ஹாஸன்ற் கம் யெற்.’ இதே வசனத்தை ‘ஹீ ஸ்ரில் ஹாஸன்ற் கம்’ என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது. யெற் என்றால் வருவான், காத்திருக்கிறோம். ஸ்ரில் என்றால் இவ்வளவு நேரமாகியும் வரவில்லையே என்ற பொறுமையிழப்பு. வாசலில் நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு அம்மா சொல்கிற ‘இன்னும்’ ஸ்ரில்தான். தமிழில் குரலால் காட்டுவதை ஆங்கிலம் சொல்லால் காட்டுகிறது.

“இன்னும் கொஞ்சம் சோறு” என்பது காலமே இல்லை, ‘மோர்’. “இன்னும் இரண்டு நாளில் வருவேன்” என்பதற்குப் பலர் ‘ஆஃப்ரர் ரூ டேய்ஸ்’ எழுதுகிறார்கள். இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணும்போது ‘இன் ரூ டேய்ஸ்’ என்பதே இயல்பு. ‘விதின் ரூ டேய்ஸ்’ என்றால் இரண்டு நாளுக்குள் எப்போதாவது. கடைக்காரர் சாமான் கொடுக்கும் நாளைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘சிலவேளை’ யாழ்ப்பாணத்தவர்களுக்கென்றே உள்ள பொறி. அகராதியில் ‘சம்ரைம்ஸ்’ என்று இருக்கும். ஆனால் நாங்கள் “சிலவேளை நாளைக்கு வருவேன்” என்று சொல்லும்போது, வரலாம் வராமலும் விடலாம் என்ற கருத்தைத்தான் சொல்கிறோம். அதற்கு ‘மேபி’ அல்லது ‘பெர்ஹாப்ஸ்’. என்னிடம் படித்த ஒரு பிள்ளை, வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஒருவரிடம் ‘சம்ரைம்ஸ் ஐ வில் கம் ருமோறோ’ என்று சொல்லியிருக்கிறாள். நாளைக்கு எத்தனை தரம் வருவாய் என்று அவர் கேட்டாராம். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை, அழுகை வந்துவிட்டது. அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சிலவேளை என்பதை எடுத்துவிட்டு ‘இடைக்கிடை’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் சம்ரைம்ஸ், பொருந்தாவிட்டால் மேபி. “இடைக்கிடை நாளைக்கு வருவேன்” என்று யாரும் சொல்லமாட்டோம் அல்லவா?

‘ஒருபோதும்’ என்று சொன்னால் தமிழில் வினையும் எதிர்மறையாக வேண்டும்: “நான் ஒருபோதும் நெடுந்தீவுக்குப் போனதில்லை.” ஆங்கிலத்தில் ‘நெவர்’ தானே எதிர்மறை, அதற்குப் பிறகு ‘நொற்’ வராது. ‘ஐ ஹாவ் நெவர் பீன் ரு நெடுந்தீவு.’ ‘ஐ டிடின்ற் நெவர் கோ’ என்பது எங்கள் தமிழ் எதிர்மறை உள்ளே புகுந்ததன் விளைவு. கேள்வியில் நெவருக்குப் பதிலாக ‘எவர்’: ‘ஹாவ் யூ எவர் பீன் ரு நயினாதீவு?’

‘பிறகு’ சுருக்கமாக: “பிறகு வாறேன்” என்பதை ‘ஐ வில் கம் ஆஃப்ரர்’ என்று நிறுத்தக்கூடாது. ஆஃப்ரர் தனக்குப் பின்னால் ஏதாவது ஒன்றைக் கேட்கும், ‘ஆஃப்ரர் லஞ்ச்’ என்பதுபோல. தனியாக நிற்க ‘லேற்றர்’. ‘லேற்’, ‘லேற்லி’ இரண்டும் வேறு வேறு: பிந்தி வந்தான் என்றால் லேற், அண்மைக்காலமாக என்றால் லேற்லி.

‘வரை’யும் ‘க்குள்’ளும்: ஐந்து மணிவரை இருப்பேன் என்றால் ‘அன்ரில் ஃபைவ்’. ஐந்து மணிக்குள் தருவேன் என்றால் ‘பை ஃபைவ்’. முதலாவது நீடிக்கிற வேலைக்கு, இரண்டாவது ஒரு தடவை முடிகிற வேலைக்கு.

படி 6: ஒரு பந்தி எழுதிப் பாருங்கள்

கீழே உள்ளதைக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை விடையைப் பார்க்க வேண்டாம்.

“1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்றது. 24 வருடமாக ரயில் வரவில்லை. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்பி வந்தது. அம்மம்மா இன்னும் அதில் போகவில்லை. சிலவேளை வாற கிழமை கூட்டிக்கொண்டு போவேன்.”

முதல் வசனம்: ‘ட்ரெயின்ஸ் ஸ்ரொப்ட் கமிங் ரு ஜஃப்னா இன் 1990.’ வருடத்துக்கு ‘இன்’, முடிந்த காலம். இரண்டாவதில் ‘ஆக’ இருப்பதால் ஃபோர், ஆனால் அந்த 24 வருடமும் 2014இல் மூடிவிட்டது. ஆகவே ‘ஹாவ்’ இல்லை: ‘ஃபோர் 24 இயர்ஸ் நோ ட்ரெயின்ஸ் கேம்.’ இதே வசனத்தை 2013இல் எழுதியிருந்தால் ‘நோ ட்ரெயின்ஸ் ஹாவ் கம் ஃபோர் 23 இயர்ஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது: ‘யாழ்தேவி கேம் பாக் இன் ஒக்ரோபர் 2014.’ தமிழில் வருடம் முதலில், ஆங்கிலத்தில் மாதம் முதலில். ஐந்தாவது: ‘மேபி ஐ வில் ரேக் ஹேர் நெக்ஸ்ற் வீக்.’ சிலவேளை மேபி ஆனது, கிழமைக்கு முன்னால் எதுவும் வரவில்லை.

நாலாவதைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம், அதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. அம்மம்மா அமைதியாக இருப்பவர், நேரம் வரும்போது போவார் என்றால் ‘ஷீ ஹாஸன்ற் ட்ராவல்ட் ஒன் இற் யெற்.’ எப்ப கூட்டிக்கொண்டு போகப்போகிறாய் என்று கிழமைக்குக் கிழமை கேட்டுக்கொண்டிருப்பவர் என்றால் ‘ஷீ ஸ்ரில் ஹாஸன்ற் ட்ராவல்ட் ஒன் இற்.’